தூதர் யார் என்பது ஏன் முக்கியம்?

கேள்வி: ஒரு கேமரா நிறுவனத்தின் விளம்பரத் தூதர்கள் அனைவரும் வெள்ளையர்கள். நன்றாகப் படமெடுத்தால் போதாதா, நிறம் எதற்கு?

பதில்: தூதர் சுவரொட்டிக்கு மட்டும் நிற்பவர் அல்ல; புதுக் கேமராவை முன்கூட்டியே பெற்றுச் சோதித்துக் குறை சொல்பவரும் பல சமயம் அவரே. ஒரே நிறத்தவரை வைத்தே சோதித்தால் மற்ற நிறங்களில் வரும் குறை கண்ணில் படாது. கோடாக் நிறுவனம் பிலிம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய, அச்சின் நிறத்தைச் சரிபார்க்கும் ‘ஷெர்லி’ அட்டையில் பல்லாண்டுக் காலம் வெள்ளைப் பெண்ணின் முகமே அளவுகோல். அதற்கேற்ப நிறம் சரிசெய்த அச்சுகளில் கறுப்பு முகங்களின் நுணுக்கம் இருட்டில் கரைந்தது. பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. எவ்வளவு தாமதம்!

தூதர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, விண்ணப்பத்தைப் பொதுவில் அறிவிக்க வேண்டும். முதல் சுற்றில் பெயரையும் முகத்தையும் மறைத்து, படங்களை மட்டும் பார்க்கலாம். சமூக ஊடகத்தில் பின்தொடர்வோர் எண்ணிக்கையை முதல் சல்லடையாக்கினால், ஏற்கெனவே மேடை கிடைத்தவர்களே மிஞ்சுவார்கள்.