சின்ன பைக்குக்குப் பழைய ரேஸ் ஃபேரிங்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 125 சிசி பைக் இருக்கிறது. 1950-களின் ரேஸ் பைக்குகளில் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடியபடி முட்டை வடிவில் ஒரு முழு ஃபேரிங் (காற்றைக் கிழிக்க வண்டியின் முன்பக்கத்தை மூடும் ஓடு) வருமே, அதைப் போல ஒன்று செய்து மாட்ட ஆசை. வேகம் கூடுமா சார்?

பதில்: கூடும். ஆனால் அந்த வடிவம் மட்டும் வேண்டாம். மோட்டோ குஸ்ஸியின் 500 சிசி எட்டு சிலிண்டர் பைக் உட்பட அந்தக் காலத்தின் பெரிய பெயர்களெல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓடின. காற்றைக் கிழிப்பதில் அதற்கு நிகரில்லை. சிக்கல் பக்கக்காற்றில். முன்சக்கரத்தை மூடும்போது பைக்கின் முன்பக்கத்தில் பெரிய பரப்பு சேர்ந்துவிடுகிறது, பக்கவாட்டில் அடிக்கும் காற்று எடை மையத்துக்கு முன்னால் பிடித்துத் தள்ளுகிறது, வண்டி தானாகவே தடம் மாறப் பார்க்கும். 1957 சீசனோடு உலகப் போட்டிகளில் அதற்குத் தடை வந்தது. முன்சக்கரம் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று விதி போட்டார்கள், அதற்குப் பிறகு பரவியதுதான் நாம் இன்று 'பழைய ரேஸ் பைக்' என்றதும் நினைக்கும் டால்ஃபின் வகை ஃபேரிங். ஒரு 500 சிசி பைக்கையே அலைக்கழித்த விஷயம், நூறு கிலோ சொச்சம் எடையுள்ள உங்கள் பைக்கை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வேகக் கணக்குக்கு வருவோம். காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்த ஒருவரும் ஃபேரிங் இல்லாத பைக்குமாகச் சேர்ந்து காற்றுக்குக் கொடுக்கும் எதிர்ப்பை (முன்பரப்பையும் வடிவத்தின் எதிர்ப்பு எண்ணையும் பெருக்கி வரும் அளவு) 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டரில் காற்றுக்கு மட்டும் ஐந்து குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல் போகும். 100-ல் அதுவே பத்தைத் தாண்டும். 125 சிசி இன்ஜின்கள் பலவற்றின் மொத்த சக்தியே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால்தான் அந்த வண்டிகள் நூறு பக்கம் வந்ததும் மூச்சு வாங்குகின்றன. இந்த எதிர்ப்பில் கால்வாசியைக் குறைத்தால் உச்ச வேகம் பத்து சதவீதம் வரை ஏற இடமிருக்கிறது, அதுவும் கியர் விகிதம் ஒத்துழைத்தால்தான்.

ஆனால் அந்தக் கால்வாசியில் பெரும்பங்கு ஃபேரிங்கால் வருவதில்லை, நீங்கள் குனிவதால் வருகிறது. 1962 முதல் 1983 வரை 50 சிசிக்கென்றே உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது, 1965-ல் ஹோண்டாவில் அதை வென்றவர் ரால்ஃப் பிரையன்ஸ். அந்தக் காலப் படங்களைத் தேடிப் பாருங்கள்: தாடை டேங்க் மேல், முழங்கை முழங்காலோடு ஒட்டி, ஓட்டுபவர் கண்ணாடிக்குப் பின்னால் ஏறக்குறைய காணாமலே போயிருப்பார். நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுவேன் என்றால் ஃபேரிங் அழகுக்கு மட்டுமே. அழகுக்காக மாட்டுவதில் எந்தத் தப்பும் இல்லை, அதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் செலவும் குறையும், ஏமாற்றமும் இருக்காது.

கேள்வி: ரெடிமேடாக ஒரு அரை ஃபேரிங் வாங்கி, ஃபோர்க்கில் கிளாம்ப் போட்டு மாட்டினேன். 70-க்கு மேல் போனால் ஹேண்டில்பார் லேசாக ஆடுகிறது. டயரை மாற்றவா?

பதில்: டயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஃபேரிங்கைக் கழற்றிவிட்டு அதே ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் காரணம் அந்த கிளாம்ப்தான். ஃபோர்க்கில் மாட்டும் எதுவும் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும், அதன் எடையும் அதன் மேல் மோதும் காற்றும் நேராக ஸ்டீயரிங்கில் போய் உட்காரும். ஹெட்லைட்டைச் சுற்றி வரும் சின்ன மூடிக்கு இது பரவாயில்லை. கைகளை மறைக்கும் அளவுக்கு அகலமான ஃபேரிங் என்றால் அது சேஸில்தான் உட்கார வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

எப்படி மாட்டுவது? கோன் செட் (ஸ்டீயரிங் திரும்ப உதவும் பேரிங்) உட்காரும் குழாய் இருக்கிறதல்லவா, அதன் முன்பக்கத்தில் கிளாம்ப் போட்டு ஒரு ஸ்டே (தாங்கு கம்பி), அதுதான் ஃபேரிங்கின் மூக்கையும் ஹெட்லைட்டையும் மீட்டரையும் தாங்கும். கீழே இரண்டு பக்கமும் இன்ஜின் மவுன்டிங் போல்ட்டிலிருந்தோ முன் குழாயிலிருந்தோ ஒவ்வொரு பட்டை. கோன் செட் குழாயில் மட்டும் வெல்டிங் வைக்காதீர்கள், வண்டியில் அதிகச் சுமை வாங்கும் இடம் அது, சூடு பட்டு வலு போனால் வெளியே தெரியாது. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் அதிர்வு பொல்லாதது என்பதால் ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் புஷ், அகலமான வாஷர், நைலான் வைத்த நட் மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓட ஆரம்பித்துவிடும்.

மாட்டி முடித்ததும் கையுறை போட்டுக்கொண்டு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். பிரேக் லீவரைப் பிடித்தபடி ஒருமுறை, கிளட்ச்சைப் பிடித்தபடி ஒருமுறை. விரல் எங்காவது உரசினால், மெதுவாக யூ-டர்ன் எடுக்கும்போது கை மாட்டிக்கொண்டு வண்டியோடு கீழே விழுவீர்கள். இன்ஜினை ஓடவிட்டும் அப்படியே திருப்புங்கள், திருப்பும்போது ஆர்பிஎம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. அடுத்தது பலரும் மறக்கும் சோதனை: ஃபோர்க் ஸ்பிரிங்கைக் கழற்றி, முன்பக்கத்தை முழுசாக இறக்கிப் பார்ப்பது. நிற்கும் வண்டியில் மட்கார்டுக்கும் ஃபேரிங்குக்கும் நடுவே தாராளமாக இடம் இருப்பது போலத் தெரியும், பள்ளத்தில் பிரேக் பிடிக்கும்போது அந்த இடம் இருக்காது.

இத்தனையும் செய்த பிறகும் ஆடினால், அப்போது கோன் செட்டையும் டயரையும் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, ஃபைபர் கிளாஸில் நானே செய்யலாமா? தெர்மாகோலில் அச்சு செதுக்கி மேலே ரெசின் பூசினால் போதும் என்கிறான் நண்பன்.

பதில்: தம்பி, நீயே செய்யலாம், ஆனால் நண்பன் சொன்ன மாதிரி செய்தால் செதுக்கினது அத்தனையும் கண்ணெதிரே கரைந்து ஓடும். பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடும். பாலியூரித்தேன் ஃபோம் வாங்கிக்கொள், அது தாங்கும்.

அதற்கும் முன்னால் அட்டை. பைக்கில் நீ குனிந்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்திலிருந்து யாரையாவது படம் எடுக்கச் சொல். கேமராவைத் தள்ளி வைத்து ஜூம் செய்து எடுத்தால்தான் அளவு கோணாமல் வரும். அந்தப் படத்தின் மேல் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, அட்டையையும் கம்பியையும் வைத்து வண்டியின் மேலேயே உருவம் கட்டு. சின்ன பைக்கில் வழக்கமாக நடக்கும் சொதப்பல் அளவில்தான்: பெரிய பைக்கின் ஃபேரிங்கை மெல்லிய டயர் மேல் வைத்தால் தலை மட்டும் பெருத்துப் போய்த் தெரியும். அகலம் உன் கை முட்டிகளை மறைத்தால் போதும். ஃபேரிங்கின் கீழ் விளிம்பு, டேங்கின் அடிக்கோடு, சீட்டின் அடிக்கோடு மூன்றும் ஒரே ஓட்டத்தில் போகிறதா என்று பத்தடி தள்ளி நின்று பார். அது சரியாக வரும் வரை ரெசின் டப்பாவைத் திறக்காதே. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி நேரம் இந்த அட்டையிலேயே போக வேண்டும், அப்படிப் போனால்தான் முடிந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரி இருக்கும்.

ஃபோமில் உருவம் வந்ததும் பட்டி பூசி, எமரி தாளில் கரடாக ஆரம்பித்து நைஸாகத் தேய்த்து வா. இந்த உருவத்தில் இருக்கும் ஒவ்வொரு கீறலும், அதன் மேல் ஃபைபர் போட்டு எடுக்கும் மோல்டில் (குழிந்த அச்சு) அப்படியே இறங்கும். மெழுகு பல கோட், அதன் மேல் ஒட்டாமல் பிரிக்க உதவும் பிவிஏ திரவம். ஃபேரிங் பின்னால் போகப் போக உள்ளே மடங்கினால் ஒரே துண்டு மோல்டிலிருந்து பொருள் வெளியே வராது, நடுவில் விளிம்பு வைத்து இரண்டு துண்டாக மோல்டு எடு. பிறகு அந்த மோல்டுக்குள் பொருள்: முதலில் ஜெல்கோட் (வெளிப்பூச்சாக நிற்கும் கெட்டி ரெசின்), பிறகு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒன்று, அதன் மேல் 450 கிராம் மேட். போல்ட் வரும் இடங்களில் இன்னொரு அடுக்கு. ரெசின் எடை மேட்டின் எடையைப் போல இரண்டு மடங்கு பக்கம் இருந்தால் போதும், அதிகம் ஊற்றினால் வலு கூடாது, கனமாகி நொறுங்கத்தான் செய்யும். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் ஒன்று முதல் இரண்டு சதவீதம், வெயில் நாளில் குறைவாக. ரோலரால் காற்றுக் குமிழை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, முழுசாக இறுகும் வரை மோல்டிலேயே விடு, அவசரப்பட்டு எடுத்தால் முறுக்கிக்கொள்ளும்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. அந்த ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் டப்பாவைத் தொடாதே. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டர் தனியாக வாங்கியிருந்தால் அதையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதே, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் கலந்து முடித்த பிறகுதான் ஹார்டனர். புகைக்கு கார்பன் வடிகட்டி வைத்த மாஸ்க், தேய்க்கும்போது தூசிக்கான மாஸ்க், கதவு ஜன்னல் திறந்த இடம். துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது.

கேள்வி: ஏர்-கூல்டு இன்ஜின். ஃபேரிங் போட்டால் சூடாகுமா?

பதில்: அரை ஃபேரிங் என்றால் கவலை வேண்டாம், சிலிண்டர் வெளியேதான் இருக்கும். கீழே வரை வருகிற முழு ஃபேரிங்கில்தான் பார்க்க வேண்டும். காற்று உள்ளே வர வழி வைக்கிறவர்கள் வெளியே போக வழி வைப்பதில்லை, அதுதான் வம்பு. போகிற வழி வருகிற வழியைவிடப் பெரிதாக இருக்கட்டும், சூடான காற்று விரிந்திருக்கும். டிராஃபிக்கில் தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் நான் அரை ஃபேரிங்கோடு நிறுத்திக்கொள்ளத்தான் சொல்வேன்.

கேள்வி: ஃபேரிங்கோடு கிளிப்-ஆன் ஹேண்டிலும் (ஃபோர்க் குழாய்களில் தாழ்வாகத் தனித்தனியாக மாட்டும் கைப்பிடிகள்) கட்டாயமா? எனக்கு முதுகுவலி உண்டு.

பதில்: கட்டாயமில்லை. ஆனால் உயரமான ஹேண்டில்பார் அந்த ஃபேரிங்குக்குள் அடங்காது. தட்டையான, குட்டையான பார் ஒன்று போட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல இடம் கிடைக்கும். கிளிப்-ஆனைத்தான் போடுவேன் என்றால் ஃபுட்ரெஸ்டையும் பின்னால் தள்ள வேண்டும், இல்லையென்றால் உடம்பின் எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும், முதுகுக்கு அதுவும் ஆகாது. பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டியில் ரியர்செட் (பின்னால் தள்ளி வைக்கும் ஃபுட்ரெஸ்ட், பெடல் தொகுப்பு) மாட்டும்போது பெடலின் நெம்பு நீளம் மாறிவிடுகிறதா என்று பாருங்கள். நீளம் குறைந்தால் அதே மிதிக்குப் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். கேபிள்களையும் புதிய உயரத்துக்கு ஏற்றபடி மாற்றுங்கள், பழசையே மடக்கிச் செருக வேண்டாம்.

கேள்வி: ஃபேரிங் கண்ணாடியில் போல்ட்டைச் சுற்றி மறுபடி மறுபடி விரிசல். நட் கழலாமல் இருக்கப் பசை வேறு போட்டுத்தான் முறுக்குகிறேன்.

பதில்: அந்தப் பசைதான் எதிரி. நட் பூட்டும் திரவம் பாலிகார்பனேட்டையும் அக்ரிலிக்கையும் வெடிக்க வைக்கும். அதை விட்டுவிட்டு, ரப்பருக்குள் நட் வைத்து வரும் வெல்-நட் போடுங்கள். துளை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கையால் முறுக்கும் அளவு இறுக்கம் போதும். பாலிகார்பனேட் என்றால் பெட்ரோல் துணியால் துடைக்கவும் கூடாது, சோப்புத் தண்ணீர் மட்டும்.

கேள்வி: எல்லாம் முடிந்துவிட்டது, பெயின்ட் மட்டும் பாக்கி. முன்னால் நம்பர் வட்டத்துக்குப் பழைய முறைப்படி என்ன நிறம் அடிக்கலாம்?

பதில்: பழைய உலகப் போட்டிகளில் வகுப்புக்கு ஒரு நிறம் இருந்தது. 50 சிசிக்கு வெள்ளையில் கறுப்பு எண், 125-க்குக் கறுப்பில் வெள்ளை, 250-க்குப் பச்சையில் வெள்ளை, 350-க்கு நீலத்தில் வெள்ளை, 500-க்கு மஞ்சளில் கறுப்பு. பலரும் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று 125-ல் மஞ்சளை அடித்துவிடுகிறார்கள், தெரிந்தவர்கள் கண்ணுக்கு அது உறுத்தும். உங்கள் இன்ஜின் என்ன அளவோ அந்த நிறத்தையே அடியுங்கள். ரோட்டில் ஓட்டும் வண்டி என்பதால் பதிவு எண் பலகை, இண்டிகேட்டர், ஹெட்லைட் உயரம் மூன்றும் சட்டப்படி இருக்கிறதா என்று பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், அடித்த பிறகு துளை போட மனசு வராது.