நாலு பேர், ரெண்டு நாள், ஒரு கேம்

கேள்வி: நாங்கள் புது வண்ணாரப்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்த நாலு நண்பர்கள். ரெண்டு பேருக்குக் கொஞ்சம் கோடிங் தெரியும், ஒருத்தன் நன்றாக வரைவான், இன்னொருத்தன் கானா பாடுவான். 48 மணி நேர கேம் ஜாம் ஒன்றுக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கிற நிகழ்ச்சிக்கு, பெயர் கொடுத்திருக்கிறோம். காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை மொத்த ஏரியாவும் கேமில் வரவேண்டும், ஆட்டோ, ஃபுட்பால், பாக்ஸிங், கேரம், நடுவில் ஒரு கதை. இதுதான் பிளான். முடியுமா?

பதில்: முடியாது, தம்பிகளா. நம்ம ஏரியாவை நாமே கேமாகச் செய்யலாம் என்று கிளம்பியதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது, அதனால்தான் நேராகச் சொல்கிறேன். 48 மணி நேரம் என்றால் கேட்க நிறைய மாதிரிதான் இருக்கும். தூக்கம், சாப்பாடு, எதைச் செய்வது என்ற வாக்குவாதம், நடுவில் கரண்ட் போவது எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள், பாதிகூட மிஞ்சாது. ஆட்டோவைத் திருப்பினால் அது ஒழுங்காகத் திரும்ப வேண்டும், அதற்கே ஒரு நாள் போய்விடும்.

2013 குளோபல் கேம் ஜாமில் உங்களைப் போலவே நாலு பேர், இதே 48 மணி நேரத்தில் செய்ததுதான் 'சர்ஜன் சிமுலேட்டர்'. அந்த வருஷத் தீம், அதாவது எல்லோருக்கும் கொடுத்த கரு, இதயத் துடிப்புச் சத்தம். அதற்காக அவர்கள் முழு ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஒரு நோயாளி, ஒரு கை, அந்தக் கையின் விரல் ஒவ்வொன்றுக்கும் கீபோர்டில் ஒரு கீ, அவ்வளவுதான். அந்தக் கை நன்றாக வந்ததால் பிறகு அதுவே முழு கேமாகி விற்பனைக்கும் வந்தது. 'செலஸ்ட்'டும் அப்படித்தான், 2015-ல் ரெண்டு பேர் நாலு நாளில் செய்த சின்ன கேம், 2018-ல் பெரிசாக வந்தது.

உங்கள் லிஸ்டிலும் ஒன்றே ஒன்றை எடுங்கள். என்னைக் கேட்டால் காசிமேடு. விடியற்காலை, லாஞ்சு வந்து நிற்கிறது, மீன் பெட்டியை ஏலம் போடுகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகவேண்டும், வழியெல்லாம் ஆள், வண்டி, கூடை, தரை முழுக்கத் தண்ணி, பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கிறது. வேகமாகத் தள்ளினால் வழுக்கி மீன் சிதறும், மெதுவாகப் போனால் ஐஸ் தீர்ந்து விலை இறங்கும். இந்த இழுபறி ஒன்று போதும், மொத்த கேமும் இதிலேயே ஓடும். தீம் என்ன என்பதை ஜாம் தொடங்கும்போதுதான் சொல்வார்கள், இது பொருந்தாவிட்டால் கேரமுக்குப் போங்கள். அதில் ஒரு போர்டும் ஒரு ஸ்ட்ரைக்கரும்தான். கோடோ என்ற இலவச கேம் செய்யும் மென்பொருளில் காய்களுக்கு ஈர்ப்பை பூஜ்யமாக்கி, வேகம் தானாகக் குறைகிற மாதிரி டேம்பிங் கொஞ்சம் வைத்தால் பவுடர் போட்ட போர்டு மாதிரியே ஓடும்.

முதல் நாள் ராத்திரி படுக்கும் முன் கேம் ஆடுகிற நிலையில் இருக்கவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். படம் எதுவும் தேவையில்லை, ஆள் ஒரு சிவப்புச் சதுரம், பெட்டி ஒரு நீலச் சதுரம் என்று இருந்தால் போதும். அந்தச் சதுரத்தைத் தள்ளும்போதே இன்னொரு தடவை ஆடத் தோன்றாவிட்டால், பிறகு வஞ்சிரத்தை எவ்வளவு அழகாக வரைந்து ஒட்டினாலும் தோன்றாது. கோடிங் தெரிந்த ரெண்டு பேரும் ஒரே சீன் ஃபைலில் (கேமின் ஒரு காட்சி இருக்கிற ஃபைல்) கைவைக்க வேண்டாம், சேர்க்கும்போது ஒருவர் செய்தது அழிந்துவிடும். தள்ளுவதையும் மோதுவதையும் ஒருவர் பார்க்கட்டும், ஐஸ், விலை, தொடக்க ஸ்கிரீன் எல்லாம் மற்றவர் பொறுப்பு.

கானா பாடுகிறவர் உங்களுக்குப் பெரிய பலம். சினிமாப் பாட்டைத் தொடவே தொடாதீர்கள், உரிமைப் பிரச்சினை வரும். ஃபேனை நிறுத்திவிட்டு, மேஜையில் தாளம் தட்டச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள், சில விநாடித் துண்டு திரும்பத் திரும்ப ஓடினால் போதும். மோதல், சறுக்கல் சத்தத்துக்கு 'எஸ்எஃப்எக்ஸ்ஆர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது, 2007-ல் லூடம் டேர் ஜாமுக்காகவே செய்தது அது.

அப்புறம், பிரவுசரில் ஓடுகிற மாதிரி ஏற்றுங்கள். டவுன்லோடு செய்து ஆடுகிறவர்கள் குறைவு. ஆடுகிறவர் ஒரு தடவை கிளிக் செய்யும்வரை பல பிரவுசர்கள் சத்தத்தை விடாது, அதனால் தொடக்கத்தில் ஒரு பட்டன் வைத்துவிடுங்கள். கடைசி நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) போட்டிருந்தால் நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். ரெண்டாம் நாள் மத்தியானமே ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடுங்கள், அதற்கு மேல் புதுசாக எதுவும் சேர்க்க வேண்டாம். பாக்ஸிங் அடுத்த ஜாமுக்கு இருக்கட்டும்.

கேள்வி: 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கிறது. போதுமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: 2டி கேமுக்குப் போதும். கோடோவில் புது புராஜெக்ட் தொடங்கும்போது 'கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள், பழைய கிராஃபிக்ஸிலும் ஓடும். செய்த கேமைத் தனியாக ஓடுகிற மாதிரி வெளியே எடுக்கத் தேவையான எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் தனியாக ஏறத்தாழ 1 ஜிபி வரும், ஜாமுக்கு முந்தைய நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ராத்திரி மொபைல் டேட்டாவை நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி: காலேஜ் படிக்கிற என் மகன், சனி ஞாயிறு முழுக்க நண்பன் வீட்டில் தங்கி கேம் செய்யப் போகிறேன் என்கிறான். விளையாட்டுக்குப் போய் ரெண்டு நாளா? அனுப்பலாமா? (ஒரு தாய், தண்டையார்பேட்டை)

பதில்: அனுப்புங்கள் அம்மா. அவன் ஆடப் போகவில்லை, செய்யப் போகிறான். நாலு பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு, ஒத்துவராததை அவர்களே வெட்டி எறிந்துவிட்டு, சொன்ன நேரத்துக்குள் ஒரு பொருளை முடித்துக் கொடுக்கிற பழக்கம் பரீட்சைக்குப் படிப்பதில் அவ்வளவாக வராது. ராத்திரி ஆறு மணி நேரமாவது தூங்கவேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள், தூக்கம் கெட்டால் கோடும் கெடும். இன்னொன்று, கேம் ஆடிப் பழக்கமில்லாத உங்களை மாதிரி ஒருவர்தான் அவர்களுக்கு இப்போது ரொம்பத் தேவை. ஞாயிறு காலை சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் போய், லேப்டாப்பைக் கொடுங்கடா என்று வாங்கி ஆடிப் பாருங்கள். அவன் பக்கத்தில் நின்று எதுவும் விளக்கக் கூடாது. நீங்கள் எங்கே முழிக்கிறீர்களோ அங்கேதான் அவர்கள் சரிசெய்ய வேண்டும்.