வீட்டு ஸ்க்ரீன் பிரிண்டிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வந்த கடிதங்களில் பாதி, மெஷின் எப்படிச் செய்வது என்றே கேட்கின்றன. மெஷின் பிறகு. பிரேமில் இழுத்துக் கட்டும் வலைத்துணியான மெஷ்ஷின் இறுக்கமும், அதில் பூசும் எமல்ஷன் என்ற ஒளிப்பசையில் படத்தைப் பதிக்கும் எக்ஸ்போசிங் விளக்கும் சரியாக இருந்தால் தொடங்குவதற்கு ஒரு பலகையும் இரண்டு கீலும் போதும்.

பிரேமுக்கு எந்த மரம் நல்லது? மூலையை எப்படி இணைப்பது? (துறையூர்)

நன்றாகக் காய்ந்த, முறுக்கில்லாத எந்த மரமும் சரி. பழைய தேக்கு ஜன்னல் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். மூலையைச் சாய்த்து வெட்டி ஆணி மட்டும் அடித்தால் நாளடைவில் விட்டுப்போகும். பாதிப் பாதி செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றை உட்கார வைத்து, தண்ணீர் தாங்கும் பசை போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். இரண்டு கோட் வார்னிஷ் கட்டாயம். முடித்ததும் சமமான கடப்பா கல்லில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். எதிர் மூலை தூக்கினால் மெஷ் ஒட்டாதீர்கள், பிரித்து மறுபடி செய்யுங்கள்.

எழுத்து ஓரமெல்லாம் பல் பல்லாக வருகிறது. என்ன தப்பு? (ஊர் குறிப்பிடாதவர்)

மெஷ் எண் இல்லை, இங்க் என்ன என்று இல்லை, எதில் அச்சடித்தீர்கள் என்றும் இல்லை. மெஷ் எண் எழுதாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? துணிக்கான மெஷ்ஷில் விசிட்டிங் கார்டு அடிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். டி-ஷர்ட்டுக்கும் மஞ்சப்பைக்கும் 110 முதல் 160 வரை, காகிதத்துக்கு 200-க்கு மேல், பொடி எழுத்துக்கு 300. இது ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்ற கணக்கு. கடையில் 43, 77, 120 என்று சொன்னால் அது சென்டிமீட்டர் கணக்கு, இரண்டரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மெஷ் தொளதொளவென்று இருந்தாலும் பல் விழும். மெஷ்ஷுக்கும் காகிதத்துக்கும் நடுவே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், இங்க்கைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி கடந்த கையோடு மெஷ் தானாக எழும்ப வேண்டும்.

கொசுவலையை மெஷ்ஷாகப் பயன்படுத்தலாமா? (மானாமதுரை)

கூடாது. பாலியஸ்டர் மெஷ் வாங்குங்கள். நைலான் ஈரம் பட்டால் தளரும்.

தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினின் யூவி டியூப்பை வைத்து எக்ஸ்போசிங் பெட்டி செய்தேன். படமே விழவில்லை. (அவிநாசி)

முதலில் அதைக் கழற்றுங்கள். அது கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் டியூப். கண்ணையும் தோலையும் சுடும், அந்த எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சாதாரணக் கண்ணாடியை அந்தக் கதிர் தாண்டாது. படம் விழாததற்கும் அதுதான் காரணம். உங்களுக்கு வேண்டியது 365 முதல் 405 வரை தரும் பிளாக்லைட் டியூப் அல்லது எல்இடி விளக்கு. எத்தனை நிமிடம் என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். டிசைன் அச்சிட்ட பிலிம் மேல் அட்டையை வைத்துப் படிப்படியாக நகர்த்தி, எத்தனை நேரத்தில் படம் சரியாக விழுகிறது என்று பாருங்கள். இதுதான் ஸ்டெப் டெஸ்ட். விளக்கோ தூரமோ எமல்ஷனோ மாறினால் மறுபடியும் ஸ்டெப் டெஸ்ட்.

மலிவு என்பதால் எமல்ஷனில் பைக்ரோமேட் கலக்கிறோம். சொல்லிக்கொடுத்த மாஸ்டர் வெறும் கையால்தான் கலக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மீந்ததைச் சாக்கடையில் ஊற்றலாமா? (பரமக்குடி)

ஊற்றக் கூடாது. வெறும் கையால் தொடவும் கூடாது. எமல்ஷன் வெளிச்சத்தில் இறுகுவதற்காகக் கலக்கும் அந்த ஆரஞ்சு நிறப் படிகத்தில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் எளிதில் ஆறாத புண் வரும். ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. அப்புறம் சிமெண்டைத் தொட்டாலே கை அரிக்கும். மாஸ்டருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் இதைப் பயன்படுத்த முடியாது. இங்கே பெயர்கூட ஒட்டாத பொட்டலத்தில் கட்டி, குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை ஒன்று மூடிப் பல ஆண்டுகள் ஆகியும், அது விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அந்தப் பக்கத்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. நீங்கள் ஊற்றுவது ஒரு டம்ளர்தான், ஆனால் பக்கத்திலேயே யார் வீட்டுக் கிணறு இருக்கிறது என்று பாருங்கள்.

மலிவு என்கிறீர்கள். பைக்ரோமேட் கலந்த எமல்ஷனை அன்றைக்கே முடிக்க வேண்டும், பூசி வைத்த ஸ்க்ரீன் இருட்டிலும் இறுகும். அதற்குப் பதிலாக டயசோ என்ற வேறு ஒளி மருந்தைக் கலந்தால் குளிர்ந்த இருட்டில் ஒன்றிரண்டு மாதம் நிற்கும். கலக்கவே தேவையில்லாத ரெடிமேட் எமல்ஷனும் உண்டு. வீணாவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் மிச்சமிருப்பதை நைட்ரைல் கையுறை போட்டு இறுக்கமான பாட்டிலில் அடைத்து, பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

தொட்டால் காய்ந்திருந்த ப்ளாஸ்டிசால் டி-ஷர்ட் பிரிண்ட் இரண்டாவது துவைப்பில் உதிர்கிறது. (பல்லடம்)

ப்ளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் இங்க் காற்றில் காயாது, சூட்டில்தான் வேகும். இங்க்கின் அடிவரை 160 டிகிரி ஏற வேண்டும். அயர்ன் பாக்ஸ் என்றால் நீராவி இல்லாமல், பேக்கிங் தாள் போட்டு, அவசரப்படாமல் ஒவ்வொரு இடமாக. ஆறியபின் இழுத்துப் பாருங்கள், கீறல் விட்டால் வேகவில்லை. ஒன்றைத் துவைத்துப் பார்க்காமல் ஆர்டரைக் கொடுக்காதீர்கள்.

பழைய கார் வீல் ஹப்பில் நாலு கலர் சுழல் டேபிள் செய்யலாமா? (நாமக்கல்)

செய்யலாம், பேரிங்கில் ஆட்டம் இல்லாவிட்டால். ஒரே ஸ்க்ரீனை அடித்த இடத்தின் மேலேயே ஒரு சுற்று விட்டு மறுபடி அடியுங்கள். எழுத்து இரட்டித்தால் நாலு கலருக்கு அது உதவாது.

காகிதம் நகராமலிருக்க டேபிளுக்கு அடியில் வாக்யூம் கிளீனர் பொருத்தலாமா? தின்னர் இங்க்தான் அடிக்கிறேன். (சாத்தூர்)

வேண்டவே வேண்டாம். அந்த மோட்டாரில் தீப்பொறி பறக்கும், தின்னர் ஆவியை அதற்குள் இழுத்தால் தீப்பிடிக்கும். மூன்று அட்டைத் துண்டுகளை ஓரத்தில் ஒட்டிக் காகிதத்தை அதில் முட்டி வையுங்கள். நகர்வது நின்றுவிடும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.