போன பாக்கெட் ஏன் திரும்பவில்லை? லினக்ஸ் ரூட்டர் கேள்வி-பதில்

கேள்வி: ரூட்டராக வைத்திருக்கும் லினக்ஸ் கணினியிலிருந்து 8.8.8.8-க்கு பிங் போகிறது. பின்னால் இருக்கும் 192.168.10.5-லிருந்து போகவில்லை. ரூட்டிங் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) டிஃபால்ட் ரூட், அதாவது வேறு வழி பொருந்தாதபோது போகும் வழி, சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: முதலில் ஐபி ஃபார்வர்டிங் மதிப்பைப் பாருங்கள். அது 0 என்றால் அடுத்தவர் பாக்கெட்டை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கடத்தாது, 1 ஆக்குங்கள். ஏற்கெனவே 1 என்றால், இன்டர்நெட் பக்கம் இருக்கும் இன்டர்ஃபேஸில் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி, tcpdump) ஓடவிடுங்கள். பாக்கெட் 192.168.10.5 என்ற முகவரியோடே வெளியேறுகிறதா? அப்படியானால் உள் முகவரியை ரூட்டரின் முகவரியாக மாற்றி அனுப்பும் மாஸ்கரேட் விதி இல்லை, அல்லது வேறு இன்டர்ஃபேஸுக்குப் போட்டிருக்கிறீர்கள். மேலே இருக்கும் கேட்வேக்கு (உங்கள் ரூட்டர் பாக்கெட்டை ஒப்படைக்கும் அடுத்த ரூட்டருக்கு) உங்கள் 192.168.10.0/24 எங்கே இருக்கிறது என்று தெரியாது, பதில் எப்படி வரும்? அந்த கேட்வேயும் உங்கள் கையில் இருந்தால் அதில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி) போடுவதே எனக்குப் பிடித்த வழி. பாக்கெட் வெளியேறவே இல்லையென்றால் ஃபயர்வாலின் ஃபார்வர்டு பகுதியைத் தோண்டுங்கள்.

கேள்வி: இரண்டு இன்டர்நெட் இணைப்புகள் உள்ளன. இரண்டாவது இணைப்பின் முகவரி வழியாக வெளியிலிருந்து ரூட்டருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழைவது) செய்ய முடியவில்லை. டிசிபிடம்பில் பாக்கெட் வருவது தெரிகிறது.

பதில்: டிசிபிடம்பில் தெரிந்துவிட்டால் கெர்னல் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. அதற்குப் பிறகுதான் ஆர்பி ஃபில்டர் (rp_filter) என்ற, பாக்கெட் சரியான வழியில் வந்ததா என்று பார்க்கும் சோதனை. மதிப்பு 1 என்றால், அனுப்பியவருக்குப் பதில் போகும் வழி அதே இன்டர்ஃபேஸாக இல்லாத பாக்கெட்டை கெர்னல் சத்தமில்லாமல் தூக்கி எறியும். இப்படி எறியப்படும் பாக்கெட்டைப் பதிவு செய்யும் மார்ஷியன் லாக்கை (log_martians) இயக்கினால் அது தெரியவரும்.

ஆர்பி ஃபில்டரை அணைக்கத்தான் எல்லாரும் ஓடுகிறார்கள். அணைத்தாலும் பதில் குறைந்த மெட்ரிக் (வழியின் முன்னுரிமை எண், குறைந்ததே முந்தும்) உள்ள முதல் இணைப்பில்தான் கிளம்பும். முகவரி பொருந்தாததால் முதல் இணைப்பைத் தரும் நிறுவனம் அதைத் தடுக்க வாய்ப்பு அதிகம். அதனால் 100 என்று தனி டேபிள் வைத்து, அதில் இரண்டாவது கேட்வேயை டிஃபால்ட்டாகப் போடுங்கள். பிறகு, இரண்டாவது முகவரியிலிருந்து கிளம்புவதெல்லாம் டேபிள் 100-ஐப் பார்க்கட்டும் என்று ஐபி ரூல் (ip rule) ஒன்று எழுதுங்கள். ரூட்டருக்கே வரும் இணைப்புகளுக்கு ஆர்பி ஃபில்டர் சோதனையும் இதிலேயே தேறிவிடும்.

டேபிளைக் கண்ணால் படித்து ஊகிக்காதீர்கள். ஐபி ரூட் கெட் (ip route get) கட்டளையில் போகுமிடத்தோடு கிளம்பும் முகவரியையும் கொடுத்தால், எந்த கேட்வே, எந்த இன்டர்ஃபேஸ், எந்த டேபிள் என்று கெர்னலே சொல்லிவிடும். சாதாரண ஐபி ரூட் (ip route) கட்டளை காட்டுவது மெயின் டேபிளை மட்டும்தான்.

கேள்வி: வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போடும் விபிஎன் இணைந்துவிடுகிறது. ஆனால் அலுவலகத்தின் 192.168.1.20-ஐத் தொட முடியவில்லை.

பதில்: வீட்டிலும் 192.168.1.0/24 தானே? பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக் கெர்னல் அந்தக் கணினியை வீட்டு நெட்வொர்க்கில் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விபிஎன் வழியாக /32 ரூட் போட்டால் வேலை நடக்கும். நீளமான ப்ரிஃபிக்ஸ்தான் (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் பெரிதாக உள்ள வழிதான்) ஜெயிக்கும். நிரந்தரத் தீர்வு, வீட்டு நெட்வொர்க்கின் முகவரி எண்ணை மாற்றுவது.

கேள்வி: கையால் போட்ட ரூட் அடிக்கடி காணாமல் போகிறது.

பதில்: ஐபி கட்டளையில் போட்டது நினைவகத்தில் மட்டும் இருக்கும். ரீபூட்கூடத் தேவையில்லை, இன்டர்ஃபேஸை ஒருமுறை டவுன் செய்தாலே போய்விடும். நெட்வொர்க் மேனேஜரோ நெட்பிளானோ (நெட்வொர்க்கை அமைக்கும் லினக்ஸ் கருவிகள்), அந்த இன்டர்ஃபேஸை எது பார்த்துக்கொள்கிறதோ அதன் அமைப்பிலேயே எழுதுங்கள். இரண்டிலும் எழுதி வைக்காதீர்கள்.