டொயோட்டா அமெரிக்காவுல டீசல் பிக்கப் ட்ரக் விக்கலாமா?

டொயோட்டாவோட ஹைலக்ஸ் டீசல் பிக்கப் இந்தியாவுல ஓடுது, ஆஸ்திரேலியாவுல ஓடுது, இங்க மட்டும் ஏன் தரமாட்டேங்கறாங்க, தந்தா மொத ஆளா வாங்குவேன்னு கேட்டிருக்கீங்க. நீங்களும் என்னை மாதிரி வேலைக்காக இங்க வந்தவர், ஆபீஸ் பக்கத்துலயே இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை லாங் டிரைவ் போவீங்கன்னு வெச்சுக்கிட்டு எழுதறேன். அப்படி இல்லைன்னா இந்தப் பதில் உங்களுக்கு இல்லை, தாண்டிப் போயிடுங்க.

என் பதில்: விக்கணும். ஆனா உங்களுக்கும் எனக்கும் விக்கக் கூடாது.

எங்கப்பா பொள்ளாச்சில டாட்டா 407 வெச்சு தேங்காய் லோடு அடிச்சவர். நான் மிச்சிகன்ல வண்டி வாங்கப் போறேன்னதும் போன்ல அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "டீசல்னா கண்ணை மூடிட்டு வாங்கு கண்ணு". அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. அங்க 2014 அக்டோபர் வரைக்கும் டீசல் விலையை அரசாங்கமே தாங்கிப் பிடிச்சுது, அதனால டீசல்னா சிக்கனம்னு நமக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சு. இங்க கதை தலைகீழ், ஃபெடரல் வரியே பெட்ரோலுக்கு கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். நான் ஓட்டின காலத்துல எங்க ஏரியா பங்க்ல டீசல் ஒரு டாலர் கூடவே இருந்துச்சு.

இருந்தும் வாங்கினேன். மூணு லிட்டர் டீசல் ஹாஃப் டன் பிக்கப் (இங்க ஃபுல் சைஸ் பிக்கப்ல லேசான ரகத்தை அப்படித்தான் சொல்வாங்க), யூஸ்டு. எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், நான் ஓட்டின விதமும் காரணம்தான், ஒருத்தர் பேரைக் கெடுக்கறது நியாயமில்லை.

ஆபீஸ் நாலு மைல். ஜனவரி, வெளிய மைனஸ் 20. இஞ்சின் சூடாகறதுக்குள்ள பார்க்கிங் வந்துடும். புகைல வர்ற கரியைப் பிடிச்சு வெக்கற டிபிஎஃப்னு ஒண்ணு இருக்கு, அது ரொம்பினா வண்டியே அதை 600 டிகிரி வாக்குல சூடாக்கி எரிச்சு சுத்தம் பண்ணிக்கும், அதைத்தான் ரீஜென்னு சொல்றாங்க. அதுக்கு இருபது நிமிஷமாவது ஹைவேல விடாம ஓட்டணும். நான் நாலு மைல்ல ஆஃப் பண்ணிடுவேன், பாதில நின்னுடும், மறுநாள் திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப நின்னுடும். இதுக்கு நடுவுல புகைல வர்ற நாக்ஸ்ங்கற நச்சு வாயுவைக் குறைக்க டிஇஎஃப்னு ஒரு யூரியா கரைசல் ஊத்தற டேங்க் வேற, அந்த டிஇஎஃப் மைனஸ் 11லயே உறைஞ்சிடும், அதை உருக்க ஒரு ஹீட்டர், அதைப் பாத்துக்க ஒரு சென்சார். ஒருநாள் காலைல டேஷ்போர்டுல, சரி பண்ணலைன்னா இன்னும் இத்தனை மைல்ல ஸ்பீடைக் குறைச்சிடுவேன்னு மெசேஜ், பின்னாடி சீட்ல பையனை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருக்கேன்.

நாக்ஸ் சென்சார் வர 19 நாள். டிபிஎஃப் க்ளீனிங்கோட சேர்த்து பில் 2,300 டாலர். விக்கும்போது ஒருத்தராவது 'தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க'ன்னு கேட்டிருக்கலாம், என் கோபம் அது ஒண்ணுதான். ஒரு மெக்கானிக் எல்லாத்தையும் கழட்டி 'டிலீட்' பண்ணிடலாம், தொல்லையே இருக்காதுன்னார். அது க்ளீன் ஏர் ஆக்ட் படி குத்தம், அதைவிட என் பையனுக்கு வீசிங் இருக்கு, அந்தப் புகையை அடுத்த வீட்டுக் குழந்தை மூஞ்சில விட எனக்கு மனசு வரலை. 2015ல ஃபோக்ஸ்வாகன் புகை டெஸ்ட்ல ஏமாத்தி மாட்டினது ஞாபகம் இருக்கும், அவங்க டீசல் கார் ரோட்டுல லிமிட்டைத் தாண்டி 40 மடங்கு வரைக்கும் நாக்ஸ் விட்டுச்சுன்னு இந்த ஊர் சுற்றுச்சூழல் துறை இபிஏ சொல்லுச்சு. இந்த ஊர் சட்டத்துல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே லிமிட், ஐரோப்பா மாதிரி டீசலுக்குத் தனிச் சலுகை கிடையாது. ஹைலக்ஸை அப்படியே இறக்க முடியாததுக்கு 1964ல ஐரோப்பாவோட கோழிக்கறி வியாபாரச் சண்டைல இறக்குமதி ட்ரக்குக்குப் போட்ட 25% வரியைத்தான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா இங்க விக்கற டகோமா பிக்கப்பை மெக்ஸிகோவுல செஞ்சு அந்த வரிலேர்ந்து தப்பிக்கற டொயோட்டாவுக்கு ஃபேக்டரி ஒரு பிரச்சனையா? இந்தப் புகை கணக்குதான் பெரிய செலவுன்னு நான் நினைக்கறேன்.

நம்மூரு மஹிந்திராவே இதுல கையைச் சுட்டுக்கிச்சு. அமெரிக்க டீலர்ங்க முன்பணம் கட்டிக் காத்திருந்தாங்க, 2010 ஆகஸ்ட்ல இபிஏ சான்றிதழும் வந்துச்சு, ஆனா அந்த டீசல் பிக்கப் ஒண்ணு கூட ஷோரூமுக்கு வரலை, கேஸ்ல போய் முடிஞ்சது.

டீசல் ஆளுங்க திட்ட வராதீங்க, இனிமேதான் உங்க பக்கம் பேசப் போறேன். அதே வண்டில ஜூலைல 6,000 பவுண்ட் கேம்பரை இழுத்துக்கிட்டு மேக்கினா பாலம் தாண்டி வடக்க போனோம். அஞ்சு மைல் பாலம், பக்கவாட்டுல காத்து தள்ளுது, வண்டி அசரலை. பின்னாடி லோடு இருக்கறதே தெரியாம இஞ்சின் நிமிஷத்துக்கு 1,800 சுத்துல அமைதியா இழுத்துச்சு. கேலனுக்கு 14 மைல், கூட வந்த நண்பரோட பெட்ரோல் ட்ரக் 9. போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு லைட் எரியலை. அன்னிக்குதான் எங்கப்பா சொன்னதுல பாதி எனக்குப் புரிஞ்சது.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். பிக்கப் வாங்கினப்ப 'பிளம்பர் வண்டியா'ன்னு கேட்டவங்க எல்லாம் வீடு மாத்தறப்ப என்னைத்தான் கூப்பிட்டாங்க, பொங்கலுக்குக் கரும்புக் கட்டு, ஸ்பீக்கர், பந்திப் பாத்திரம் எல்லாம் என் வண்டிலதான். ரெண்டு வருஷத்துல ஒருத்தர் கூட டீசலுக்குக் காசு தரட்டுமான்னு கேட்டதில்லை. எனக்குக் காசு வேண்டாங்க, கேட்டிருக்கலாம்.

சரி, டொயோட்டாவுக்கு வர்றேன். டகோமா சைஸ்ல டீசல் வேண்டாம். ஹைலக்ஸ் 2.8 டீசலோட டார்க், அதாவது இழுக்கற முறுக்கு விசை, 500 என்எம், இங்க விக்கற ஹைப்ரிட் டகோமா கிட்டத்தட்ட 630, இழுவைக்காக டீசல் கேக்கறதுல அர்த்தமில்லை. அதைவிடப் பெரிய டன்ட்ரா பிக்கப்ல தரலாம், வாரா வாரம் ட்ரெய்லர் இழுக்கறவனுக்கு, ஆர்டர் பண்ணாத்தான் வரும்னு. நிசான் டைட்டன் 2019லயும், ஃபோர்டு எஃப்-150 2021லயும், ராம் 1500 2023லயும் டீசலை நிறுத்திட்டாங்க, ஹாஃப் டன்ல மிஞ்சினது ஜிஎம் மட்டும்தான். ஆபீஸ் போற ஆளுங்களுக்கு வித்து அந்தக் கூட்டத்துல டொயோட்டாவும் சேர வேண்டாம்.

என் ட்ரக்கை வடக்க குதிரை ட்ரெய்லர் இழுக்கற ஒருத்தருக்கு வித்துட்டேன். வாரத்துக்கு நானூறு மைல் ஓட்டறாராம். போன மாசம் மெசேஜ் பண்ணியிருந்தார், 1,40,000 மைல் தாண்டிடுச்சு, இதுவரைக்கும் அந்த லைட் எரியவே இல்லையாம்.