போஸ்ட்கிரெஸ்: நிறுவிய பின் வரும் சிக்கல்கள் – கேள்வி பதில்

கேள்வி: உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை நிறுவிவிட்டேன். 'போஸ்ட்கிரெஸ்' பயனராக உள்நுழைந்தால் 'பீர்' அங்கீகாரம் தோல்வி என்கிறது. நான் கடவுச்சொல்லே வைக்கவில்லையே, ஐயா?

பதில்: இங்கே கடவுச்சொல் கேட்கப்படவே இல்லை. டெபியன், உபுண்டு தொகுப்புகளில், அதே கணினிக்குள்ளிருந்து சாக்கெட் (வலையமைப்பைத் தொடாத உள் இணைப்பு) வழியாக வருபவரின் லினக்ஸ் கணக்குப் பெயரும் அவர் கோரும் தரவுத்தளப் பயனர் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டுமே 'பீர்' முறை பார்க்கிறது. எனவே சுடோ மூலம் 'போஸ்ட்கிரெஸ்' கணக்குக்கு மாறி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருவியான பிஎஸ்க்யூஎல்லை இயக்குங்கள். உங்கள் செயலிக்கென்று சூப்பர்யூசர் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) உரிமை இல்லாத தனிப் பயனர் ஒன்றைக் கடவுச்சொல்லுடன் உருவாக்குங்கள். செயலி 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற, அதே கணினியைக் குறிக்கும் முகவரி கொடுத்து இணைந்தால் வேறு விதி பொருந்துவதால், அங்கே கடவுச்சொல் செல்லும். 'பீர்' இருக்கும் இடத்தில் 'டிரஸ்ட்' (எதையும் சரிபார்க்காமல் நம்பும் முறை) என்று மாற்றச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். அக்கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் சூப்பர்யூசராக நுழைய அது வழிவிடும்.

கேள்வி: அலுவலகத்தின் வேறொரு கணினியிலிருந்து இணைய முடியவில்லை. எங்கே பார்ப்பது?

பதில்: பிழைச்செய்தியை முழுமையாகப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், பெரும்பாலும் சர்வர் அந்த முகவரியில் காது கொடுக்கவே இல்லை என்று பொருள். இயல்பில் அது லோக்கல்ஹோஸ்டின் 5432 போர்ட்டில் மட்டுமே கேட்கும். 'லிசன்_அட்ரஸஸ்' அமைப்பில் சர்வரின் உள்வலைய முகவரியையும் சேர்த்து, சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அமைப்புகளை மட்டும் மீண்டும் படிக்கும் ரீலோடு போதாது. பதிலே வராமல் நேரம் கடந்தால் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். யார் எங்கிருந்து இணையலாம் என்ற விதிகள் உள்ள 'பிஜி_எச்பிஏ' கோப்பில் பதிவு இல்லை என்று வந்தாலோ, சர்வர்வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அனுமதிதான் இல்லை என்று நிம்மதி கொள்ளலாம்.

அந்தக் கோப்பை மேலிருந்து கீழாகப் படிக்கும் சர்வர், முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். அந்த வரியில் அங்கீகாரம் தோற்றால் அடுத்த வரிக்குப் போகாது. ஆகவே குறுகிய விதிகளை மேலேயும் அகன்றவற்றைக் கீழேயும் வையுங்கள். குறிப்பிட்ட தரவுத்தளம், குறிப்பிட்ட பயனர், அலுவலகத்தின் முகவரி வரம்பு, 'ஸ்க்ராம்' என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறை என ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். இதற்கு ரீலோடே போதுமானது. 5432-ஐ நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் டனல் என்ற மறையாக்கப்பட்ட வழி இருக்கிறது.

கேள்வி: ராக்கி லினக்ஸில் நிறுவியும் சேவை தொடங்கவில்லை.

பதில்: டெபியனைப் போலன்றி, ராக்கி போன்ற ரெட்ஹேட் வழித் தொகுப்புகள் தரவுக் கோப்புறையைத் தாமாக உருவாக்குவதில்லை. முதலில் ஒருமுறை அதை உருவாக்கும் 'இனிட்டிபி' கட்டளையை இயக்கிவிட்டுச் சேவையைத் தொடங்குங்கள்.

கேள்வி: 8 ஜிபி நினைவகம் உள்ள தனி சர்வர். எதை மாற்ற வேண்டும்?

பதில்: இயல்பில் 128 எம்பியாக இருக்கும் 'ஷேர்டு_பஃபர்ஸ்' (தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பொது இடம்) மதிப்பை நினைவகத்தில் கால் பங்கான 2 ஜிபிக்கு உயர்த்தலாம். வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான 'வொர்க்_மெம்' அளவைத் தாராளமாகக் கூட்ட வேண்டாம். அது ஓர் இணைப்புக்கு மட்டுமல்ல, ஒரு வினவலுக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாகச் செலவாகும்.

கேள்வி: சொற்களை வரிசைப்படுத்தினால் 'மரம்' என்பதற்கு முன்பாக 'மனம்' வருகிறது. லோக்கேல் (மொழி அமைப்பு) 'சி' என்று இருக்கிறது.

பதில்: 'சி' லோக்கேல் யூனிகோட் எண்களைத்தான் பார்க்கிறது. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து இருப்பதால், மெய்களில் கடைசியாக வர வேண்டியது முந்திக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸின் 10ஆம் பதிப்பு முதல், பல மொழிகளின் வரிசை விதிகளைக் கொண்ட ஐசியு நிரலகத்தின் ஆதரவு உண்டு. 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்ற கொலேஷனை (வரிசை விதியை) அட்டவணையின் அந்தப் பத்தியில் (நெடுவரிசையில்) குறிப்பிட்டால் நம் அகராதி வரிசை கிடைக்கும். 15ஆம் பதிப்பு முதல், தரவுத்தளத்தை உருவாக்கும்போதே ஐசியுவை இயல்பாக்கலாம். பின்னாளில் இயங்குதளத்தை மேம்படுத்தி ஐசியு பதிப்பு மாறினால், அந்தப் பத்திகளின் இண்டெக்ஸ்களை (தேடலை விரைவாக்கும் பட்டியல்களை) ரீஇண்டெக்ஸ் செய்து மீண்டும் கட்டமையுங்கள்; இல்லாவிட்டால் அட்டவணையில் இருக்கும் பெயரே தேடலில் அகப்படாமல் போகக்கூடும்.