கேள்வி பதில்: தொடர்நேரச் சமன்பாடுகளும் கான்வெக்ஸ் கணக்குகளும்

கேள்வி: கான்வெக்ஸ் (கிண்ணம் போல் வளைந்த) சார்பின் குறைந்தபட்சத்தைத் தேட, படிப்படியாகப் போகும் அல்காரிதம் இருக்கும்போது, தொடர்நேரத்தில் ஓடும் வகைக்கெழுச் சமன்பாடு எதற்கு சார்?

நிரூபணம் சுருங்கும், அதுதான் முதல் லாபம். கிரேடியன்டுக்கு (சார்பு மிக வேகமாக ஏறும் திசைக்கு) எதிர்த்திசையில் புள்ளியை நகரவிட்டால், குறைந்தபட்சப் புள்ளி இருக்கும் கான்வெக்ஸ் சார்பின் மதிப்பு 1/நேரம் என்ற வேகத்திலாவது அந்தக் குறைந்தபட்சத்தை நெருங்கும். லியாபுனோவ் சார்பு (பாதை நெடுக ஏறாத ஓர் அளவு) ஒன்றை எழுதினால் நாலைந்து வரியில் வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நகர்வது என்ற படிநீளத் தொல்லை சமன்பாட்டில் கிடையாது. ஆனால் அது ஒழியவில்லை, தள்ளிப்போகிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கிரேடியன்டுக்குப் பதில் மோனோடோன் ஆபரேட்டரை (புள்ளிக்கு ஒரு பிம்பம் தரும் ஒருவகை விதியை) போட்டாலும் இதே முடிவுதானே?

இல்லை. பலரும் வழுக்குவது இங்கேதான். தளத்தில் 90 பாகை சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இரு புள்ளிகளின் வித்தியாசத்தையும் அவற்றின் பிம்பங்களின் வித்தியாசத்தையும் உட்பெருக்கினால் 0 வரும். குறை எண் ஒருபோதும் வராத ஆபரேட்டரையே மோனோடோன் என்கிறோம், ஆகவே இதுவும் மோனோடோன். இதற்கு ஒரே பூச்சியம் (பிம்பம் 0 ஆகும் புள்ளி) ஆதிப்புள்ளி. ஆனால் பாதை அதைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டே இருக்கும், நெருங்கவே நெருங்காது. பாதையின் நேரச் சராசரி மட்டும் அங்கே போய்ச் சேரும். மேக்ஸிமல் மோனோடோன் (மோனோடோன் தன்மை கெடாமல் மேலும் விரிக்க முடியாத) ஆபரேட்டருக்குப் பூச்சியம் இருந்தால் சராசரி வலுக்குறைந்த அர்த்தத்தில் (ஒவ்வொரு நிலையான திசையிலும் தனித்தனியாகப் பார்த்தால்) ஒருங்கும் என்பது 1976இல் பாயோனும் பிரெஸிஸும் தந்த முடிவு.

அப்புறம் இதைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். முன்னோக்கு ஆய்லரில் (இப்போது நிற்கும் புள்ளி காட்டும் திசையில் படி வைக்கும் முறை) ஒவ்வொரு படியிலும் ஆதிப்புள்ளியிலிருந்து தூரத்தின் வர்க்கம் (1 + படிநீளத்தின் வர்க்கம்) மடங்காகும், புள்ளி வெளியே ஓடிவிடும். பின்னோக்கு ஆய்லரில் (போய்ச் சேரும் புள்ளி காட்டும் திசையில் படி வைக்கும் முறை) அதே எண்ணால் வகுபடும், உள்ளே வந்துவிடும். இந்தப் பின்னோக்கு ஆய்லர்தான் 1976இல் ராக்கஃபெல்லர் விரிவாக ஆராய்ந்த பிராக்ஸிமல் பாயிண்ட் முறை. சமன்பாடு வட்டமடிக்கிறது, கணினியில் ஒன்று சிதறுகிறது, ஒன்று ஒருங்குகிறது. சமன்பாட்டை மட்டும் பார்த்து அல்காரிதத்துக்கு நற்சான்று தரவே கூடாது.

கேள்வி: சுழற்சி உதாரணம் கொஞ்சம் செயற்கையாக இல்லையா?

இரண்டு எண்களின் பெருக்கத்தை, ஒரு எண்ணை மாற்றிச் சிறிதாக்கி, மற்ற எண்ணை மாற்றிப் பெரிதாக்குங்கள். வருவது இதே சுழற்சி. லக்ராஞ்சியன் (கட்டுப்பாடுகளைப் பெருக்கிகளோடு சேர்த்து எழுதும் சார்பு) எழுதும் இடமெல்லாம் இது ஒளிந்திருக்கும்.

கேள்வி: தொடர்நேரத்திலேயே இதைச் சரிசெய்ய வழி உண்டா?

உண்டு. ஆபரேட்டருக்குப் பதில் அதன் யோசிடா ஒழுங்காக்கத்தை (அதை மென்மையாக்கிய வடிவத்தை) போடுங்கள். பூச்சியங்கள் மாறாது, பாதையே வலுக்குறைந்த அர்த்தத்தில் ஒருங்கும். விலை: ரிசால்வென்ட்டை (பின்னோக்கு ஆய்லரின் ஒரு படியை) கணக்கிட வேண்டும்.

கேள்வி: நெஸ்டரோவின் வேகமூட்டிய கிரேடியன்ட் முறைக்கான சமன்பாட்டில் அந்த 3 எங்கிருந்து வருகிறது?

1983இல் வந்த அந்த முறையின் உந்தக் கெழு (முந்தைய நகர்வில் எவ்வளவைத் தக்கவைப்பது என்ற எண்), படி எண் பெரிதாகும்போது 1 − 3/படி எண் போல நடந்துகொள்ளும். 2014இல் ஸு, பாய்டு, கேண்டெஸ் மூவரும் அதை 3/நேரம் என்ற உராய்வுள்ள இரண்டாம் வரிசைச் சமன்பாடாக்கினார்கள். சார்பின் மதிப்பு குறைந்தபட்சத்தை நெருங்கும் வேகம் 1/(நேரத்தின் வர்க்கம்). 3க்குப் பதில் அதைவிடப் பெரிய எண்ணானால் பாதையும் ஒருங்கும். அலைவு தொந்தரவு செய்தால் ஹெஸ்ஸியன் தணிப்பை (சார்பின் இரண்டாம் வகைக்கெழுக்களைக் கொண்டு நகர்வைத் தணிக்கும் உறுப்பை) சேருங்கள்.